எத்தனை மணிக்குப் போனீங்க? சென்னையில் வெளியே சாப்பிட்ட அனுபவங்கள்

சென்னையில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் சண்டை வராமல் இருக்காது. "அந்தக் கடை பொங்கல் அமிர்தம்" என்பார் ஒருத்தர். "வாயில வைக்க முடியல சார்" என்பார் இன்னொருத்தர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முதல் ஆள் காலை ஏழரைக்குப் போயிருப்பார், இரண்டாவது ஆள் பத்தரைக்கு. கடை ஒன்றுதான், சாப்பாடு வேறு.

எனக்கு மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை. காலையில் மயிலாப்பூரில் ஒரு டாக்டர், மதியம் திருவல்லிக்கேணி, மாலையில் பாரிமுனைப் பக்கம் ஸ்டாக்கிஸ்ட், இரவு கிளினிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு பத்து மணிக்கு உள்ளே கூப்பிடும் இன்னொரு டாக்டர். இப்படிச் சுற்றுகிறவனுக்கு வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நல்ல கடைகளைத் தேடிப் போய்ச் சாப்பிட்டவன் இல்லை நான். நின்ற இடத்தில் பசித்தபோது சாப்பிட்டவன். அதனாலேயே ஒரே கடையில் எல்லா நேரத்திலும் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. சில நாள் அதைப் பாக்கியம் என்று சொல்ல முடியாது.

காலை டிபனில் ஆரம்பிக்கலாம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டி, அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இட்லி, வடை, பொங்கல், கெட்டிச் சட்னி. மெனு கார்டு என்ற பேச்சே கிடையாது, என்ன இருக்கிறதோ அது. அங்கே நன்றாக இருப்பதற்குக் காரணம் ஏதோ ரகசிய மசாலா என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் எளிமையானது. தட்டில் இருந்து எடுத்த இட்லி ஆறுவதற்கு நேரமே கொடுக்கப்படுவதில்லை. வெளியே நிற்கும் கூட்டம்தான் அந்த இட்லியைச் சூடாக வைத்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்பட்டுப் பக்கத்துக் காலிக் கடைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: காலிக் கடையில் உங்களுக்கு இடம் உடனே கிடைக்கும், இட்லி ஒரு மணி நேரமாக உங்களுக்காகக் காத்திருக்கும்.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-ல் ஆரம்பித்த கடை. சாம்பார் இட்லிக்குப் பேர் போனது. கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஊர் வழக்கத்துக்கு மாறாக, இட்லி மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள், தீரத் தீரக் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். முதல் முறை போகிறவர்கள் இட்லியைப் பிட்டு சாம்பாரில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஊற்றியதும் இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள், ஊறட்டும். அப்புறம் ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுங்கள்.

பொங்கலுக்கும் சாம்பாருக்கும் பத்து மணி என்பது ஒரு எல்லைக்கோடு. பொங்கல் ஆற ஆற இறுகும், அதை இளக்க வெந்நீர் ஊற்றிக் கிளறுவார்கள். நெய் மணம் போய்விடும், மிளகு மட்டும் நெருடும். சாம்பாரும் அப்படித்தான், காலை வாளி தீரும் தறுவாயில் நீர்த்துப் போகும், அல்லது அடியில் நின்ற பருப்பு கெட்டியாக வரும். பத்து மணிக்கு மேல் டிபன் சாப்பிட வேண்டிய நிலைமை வந்தால் பொங்கலை விட்டுவிட்டு ரவா தோசை சொல்லிவிடுவேன். அதை ஊற்றித்தான் ஆக வேண்டும், முன்கூட்டிச் செய்துவைக்க முடியாது. வடையைப் பற்றி ஒரு வார்த்தை: எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தால் மட்டும் கேளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பது சாம்பார் வடையாகவோ தயிர் வடையாகவோ ஆவதற்குத்தான் லாயக்கு.

மதியச் சாப்பாடு வேறு கணக்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளுக்கு வரப்பிரசாதம் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும், முறை வந்ததும் உள்ளே போய் இலை முன்னால் உட்கார வேண்டும். ஒரு பந்தி முழுக்க ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுகிறது. கல்யாணப் பந்தி மாதிரியே இதிலும் முதல் இரண்டு பந்திக்கு ஒரு மரியாதை உண்டு. அப்பளம் நொறுங்கும், பொரியலில் தேங்காய் வாடியிருக்காது, ரசம் கொதித்து இறக்கிய வாசனையோடு வரும். இரண்டரை மணிக்குப் போனால் பசி அடங்கும், அவ்வளவுதான்.

மெஸ் சாப்பாட்டில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, காலண்டரைப் பார்ப்பது. அமாவாசை அன்று பல சைவ மெஸ்களில் வாழைக்காய், வடை, பாயசம் என்று இலை நிறையும், கூட்டமும் இரட்டிப்பாகும், பன்னிரண்டுக்கே போய்விட வேண்டும். புரட்டாசியில் சைவக் கடைகள் நிரம்பி வழியும், அசைவக் கடைகள் காற்றாடும். காற்றாடும் கடையில் கறி எவ்வளவு நாள் ஃப்ரீசரில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? புரட்டாசி சனிக்கிழமை நான் மட்டன் பக்கம் போவதில்லை. பக்தி கொஞ்சம், பயம் மிச்சம். தீபாவளி, பொங்கல் கழிந்த முதல் நாலைந்து நாளும் இப்படியே. மாஸ்டர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பையன் கல்லில் நிற்பான். அந்த வாரத்தில் வாங்கிய அடியை வைத்து ஒரு கடைக்கு நிரந்தரமாக முழுக்குப் போட்டுவிடாதீர்கள், பாவம்.

இனி பிரியாணி. இதில் நேரத்தைப் பற்றிப் பேசாமல் ருசியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சென்னையில் பாய் கடை பிரியாணி என்றால் பெரும்பாலும் பாசுமதி, கூடவே கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. திண்டுக்கல் வகை என்றால் சீரகச் சம்பா. 1957-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டி சென்னைக்கு வந்து கிளை கிளையாகப் பெருகிய பிறகு, நகரத்தின் பாதிப் பேர் அந்தக் குட்டி அரிசிக்குப் பழகிவிட்டார்கள். எது உசத்தி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எந்த அரிசியாக இருந்தாலும், தம் உடைத்து முதல் அரை மணி நேரத்தில் கிடைப்பதுதான் பிரியாணி.

ராயப்பேட்டையில் ஒரு சின்னக் கடை மாஸ்டர் எனக்குப் பழக்கம். அவர் அண்டாவைத் திறப்பதை நின்று பார்த்திருக்கிறேன். மூடி மேல் இருக்கும் கனலைத் தள்ளி, மூடியைத் திறந்ததும் கிளற மாட்டார். ஓரத்தில் தட்டை நுழைத்து மேலிருந்து அடிவரை ஒரே வெட்டாக எடுப்பார். மேலே உதிரியான வெள்ளை அரிசி, நடுவில் நிறம் ஏறியது, அடியில் மசாலாவும் கறியும். மூன்றும் சேர்ந்து தட்டில் விழுந்தால்தான் ஒரு பிளேட் சரியாக இருக்கும். "அண்ணே, எப்ப வந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டதற்கு, "பன்னெண்டு மணிக்கு வா தம்பி. மூணு மணிக்கு வந்தா நானே சாப்பிட மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அண்ணா சாலைப் பக்கம் ஒரு பெரிய கடையில் நாலு மணிக்கு உட்கார்ந்தபோது விளங்கியது. பெயர் பெற்ற கடை, ஏசி ஹால், வெள்ளைச் சட்டை போட்ட சப்ளையர். வந்த மட்டன் பிரியாணியில் அரிசி மேலே குச்சி குச்சியாகக் காய்ந்திருந்தது, உள்ளே கைவைத்தால் குழைந்திருந்தது. அண்டாவில் மிஞ்சியதைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, வெந்நீர் மேல் வைத்துச் சூடு காட்டியிருக்கிறார்கள். கறித்துண்டைத் தனியாக வேறு எங்கிருந்தோ எடுத்துப் புதைத்ததும் தெரிந்தது, அதில் மசாலாவே ஏறவில்லை. விலையோ மதியம் என்னவோ அதேதான். அதே கடையில் ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு என் ஏரியா மேனேஜரோடு சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனவே நாலு மணிக்கு அசைவம் வேண்டுமென்றால் கல்லிலோ எண்ணெயிலோ அப்போதே செய்வதைக் கேட்பேன். சிக்கன் 65 அதற்குப் பொருத்தம். 1951-லிருந்து அண்ணா சாலையில் இருக்கும் புஹாரி ஹோட்டல் அதைத் தாங்கள்தான் 1965-ல் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்கிறது. பெயருக்கு வேறு கதைகளும் ஊரில் உலவுகின்றன. எந்தக் கதையானாலும் எண்ணெயிலிருந்து எடுத்து ஐந்து நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் அது.

மீனுக்கு மணி பார்த்தால் போதாது, மாதம் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் பெரிய படகுகள் எல்லாம் கரையில் கட்டியிருக்கும், ஃபைபர் படகும் கட்டுமரமும்தான் போய்வரும். அந்த இரண்டு மாதம் ஹோட்டலில் வரும் பெரிய வஞ்சரம் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாகவோ மேற்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கும். மேற்கே ஜூன் 1-ல் தடை ஆரம்பித்துவிடுவதால் ஜூன் முதல் பாதியில் இன்னும் மோசம்.

ஒரு மே மாதம், மச்சினன் குடும்பம் ஊரிலிருந்து வந்தபோது ஈசிஆரில் கடல் பார்த்த ஒரு உணவகத்துக்குப் போனோம். மெனுவில் வஞ்சரத்துக்கு நேராக விலை இல்லை, ஏ.பி.எஸ். என்று மூன்று எழுத்து. மீனின் அளவுக்கேற்ற விலை என்று அர்த்தமாம். "இன்னைக்குக் காலைல வந்தது சார், ஃப்ரெஷ்" என்றார் சப்ளையர். நாலு துண்டு சொன்னோம். தட்டில் வந்தது நாராகப் பிரிந்தது, கடித்தால் தண்ணீர் விட்டது. மசாலாவை மட்டும் சுரண்டிச் சாப்பிட்டான் மச்சினன் பையன். பில்லைப் பார்த்த பிறகு மச்சினன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு விலை எழுதாத எதையும் விலை கேட்காமல் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, மீன் மார்க்கெட்டில் யாராவது விலை கேட்காமல் வாங்குவார்களா? இன்னொரு வழியும் இருக்கிறது. மசாலா தடவிய மீனைத் தட்டில் எடுத்துவந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைகளில் கேட்காமலே காட்டுவார்கள். காட்டத் தயங்கினால் முட்டை ஆம்லெட் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தடைக்காலத்தில் மீன்தான் வேண்டுமென்றால் நெத்திலி, சங்கரா, கிழங்கா என்று கரையோரம் கிடைக்கும் சின்ன மீன் கேளுங்கள். வஞ்சரம் தடை முடியும்வரை காத்திருக்கட்டும்.

பெரிய மெனு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில், தந்தூரி, சைனீஸ், செட்டிநாடு, இத்தாலியன் என்று புத்தகம் மாதிரி கார்டு நீட்டும் இடங்களில் கம்பெனி மீட்டிங் சாப்பாடு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். பனீர் பட்டர் மசாலாவும் காளான் மசாலாவும் கோழி மசாலாவும் ஒரே குழம்பில் வேறு வேறு துண்டு மிதப்பவை. அங்கே தப்பிக்க ஒரே வழி, பக்கத்து டேபிள்களில் எது அதிகம் போகிறது என்று பார்ப்பது. பரோட்டா மாஸ்டர் வாசலில் மாவு வீசிக்கொண்டிருந்தால் பரோட்டா.

அதற்கு நேர் எதிரான கடைகளைத்தான் எனக்குப் பிடிக்கும். சவுகார்பேட்டைப் பக்கம் என்எஸ்சி போஸ் ரோட்டில் சீனாபாய் டிபன் சென்டர் இருக்கிறது. மாலைக்கு மேல்தான் கல் சூடாகும். நெய்யும் பொடியும் தோய்ந்த குட்டி இட்லி, வெங்காய ஊத்தப்பம், அவ்வளவுதான் விஷயம். கணக்குப் பார்க்காமல் நெய் ஊற்றுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு நான் பார்க்கப் போவதோ இருதய டாக்டர். எடை பார்ப்பவர்கள் ஒரு பிளேட்டை இரண்டு பேராகப் பகிர்ந்துகொண்டு மிச்ச வயிற்றுக்கு மின்ட் தெருவைக் கொஞ்சம் சுற்றலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாருக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இங்கேதான் கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கியது எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வெங்காயமும் புளியும் வைத்தும் தருவார்கள், அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் வேறு கடைக்குப் போகலாம், நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும் ஆபீஸ்காரர்களும் சுமை தூக்குபவர்களும் அத்தனை பேரும் ஏமாளிகள் இல்லை. அத்தோவைப் பார்சல் வாங்காதீர்கள். பேஜோ நமத்துப்போனால் அதில் ஒன்றுமே இல்லை.

பார்சல் என்றதும் இன்னொன்று. ஆப்பில் ஆர்டர் செய்து வரும் உணவைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் தோசையையும் பூரியையும் வரவழைத்துவிட்டுத் திட்டுகிறார்கள். டப்பாவுக்குள் ஆவி அடைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பைக்கில் வரும் நெய் ரோஸ்ட் எப்படி மொறுமொறுப்பாக இருக்கும்? இட்லி, கொத்துப் பரோட்டா, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி குருமா இவை பயணத்தைத் தாங்கும். தோசை வேண்டுமென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் வேண்டும். அதுவும் மாலை ஏழரைக்கு மேல். அந்த நேரம் கல் ஓயாமல் வேலை செய்யும், சூடு ஒரே சீராக இருக்கும். ஆளில்லாத நேரத்தில் கல் ஏகத்துக்கும் காய்ந்துகிடக்கும், தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்த்து ஊற்றும் முதல் தோசை உங்களுக்குத்தான் வரும்.

கடைசியாக பில். எங்கள் கல்யாண நாளுக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி உணவகத்துக்குப் போனோம். விளக்கு அலங்காரம் பிரமாதம், அந்த இருட்டில் தட்டில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. சாப்பாடு சுமார். பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்துப் போட்ட தொகைக்கு ஜிஎஸ்டி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "இதை எடுத்துடுங்க" என்றேன். "எங்க பாலிசி சார்" என்றார். "சரி, 1915-க்குப் போன் பண்றேன், நீங்களே அவங்ககிட்ட பாலிசியைச் சொல்லிடுங்க" என்றதும் இரண்டு நிமிஷத்தில் புது பில் வந்தது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், "இன்னைக்குப் போயா?" என்றாள்.

ஜிஎஸ்டி சாதாரண உணவகத்தில் ஐந்து சதவீதம், பெரிய ஸ்டார் ஹோட்டல்களில் பதினெட்டு. மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. பாட்டில் தண்ணீர் விஷயத்தில் மட்டும் சட்டம் நம் பக்கம் இல்லை. உணவகங்கள் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கார்ந்ததுமே சப்ளையர் பாட்டில் மூடியைத் திருகுவதற்குள் "சாதா தண்ணி" என்று சொல்லிவிட வேண்டும்.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்ன அன்றைக்கும் டிப்ஸ் வைத்துவிட்டுத்தான் வந்தேன், பரிமாறியவர் கையிலேயே கொடுத்தேன். சோம்புத் தட்டில் வைத்தால் யார் எடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. மெஸ்களில் இது இன்னும் முக்கியம். அடிக்கடி போகும் கடையில் பரிமாறுகிற அண்ணன் ஒருவரைப் பழக்கம் பிடித்துவைத்துக்கொண்டால், "என்ன நல்லா இருக்கு?" என்று கேட்க வேண்டியதே இல்லை. "எது வேணாம்ணே?" என்று கேட்டால் போதும். மீன் குழம்பைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, "ரசம் வாங்கிக்க" என்பார்.